குளிர்காலம் வருகிறது, ஹோஸ்ட் வீட்டில் எப்படிப் பழகுவது? நம்ம வேலூர்க்காரர்கள் யோசனை சொல்லுங்கள்

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குடியாத்தம். இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். உல்ம் நகரத்துக்கு வடக்கே ஸ்வாபியன் ஆல்ப் மேட்டில் ஒரு சின்ன ஊர். மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில் ஒரு வருடத் தன்னார்வப் பணி. காலையில் அவர்களை எழுப்பி, பல் துலக்க வைத்து, பட்டறைக்குக் கூட்டிப்போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரவேண்டும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

சிக்கல் தங்கியிருக்கும் வீட்டில். ஒரு குடும்பத்தோடு என்னைத் தங்க வைத்திருக்கிறார்கள். கணவன், மனைவி, எட்டாவது படிக்கும் ஒரு பையன், மாடியில் பாட்டி. கெட்டவர்கள் இல்லை. வந்த புதிதில் எல்லா இடத்துக்கும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அப்போதிலிருந்து வீடே மாறிப்போன மாதிரி இருக்கிறது. நான் வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடுகிறது. உள்ளே வந்தால் எல்லா அறைக் கதவும் சாத்தியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய். எல்லாமே சில்லென்று. சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு அறைக்குள் போய்விடுகிறார்கள்.

இதைவிட முக்கியம், என் அறையில் ஹீட்டரை நான் ஐந்தில் வைத்துவிட்டுப் போனால், வருவதற்குள் யாரோ குறைத்து வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வேறு விட்டிருக்கிறார்கள்! வெளியே மூன்று டிகிரி. ராத்திரி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

அம்மாவிடமும் பேச முடிவதில்லை. வேலை முடிவது நாலரைக்கு. இதுவரை அப்போது ஊரில் எட்டு மணி, இப்போது ஒன்பது. அம்மா தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். விடிகாலையில் எழுந்திருக்கவேண்டும் என்பதால் ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிடுவார்கள்.

குளிருகிறது, ஹீட்டரைக் கூட்டி வைக்கட்டுமா என்று அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களா? என்னைப் பிடிக்காமல்தான் இப்படி இருக்கிறார்களோ என்றும் ஓடுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு_பார்த்தவன் எழுதியது:

சித்திரை வெயிலில் வெந்த ஊர்க்காரிக்கு மூன்று டிகிரியா! அங்கே இருக்கும் குளிரில் பாதியை மே மாதத்துக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிடும்மா, நாங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

ஆற்காடு_அப்பா எழுதியது:

அம்மா, பெரியவனாகச் சொல்கிறேன். அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காதே. கொடுத்ததைச் சாப்பிடு, இருக்கிற இடத்தில் அடக்கமாக இரு. கம்பளி ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள். ஒரு வருடம் ஓடிவிடும். நம்மைப் பற்றி அவர்கள் நல்லபடியாகப் பேசவேண்டும், அதுதான் பெருமை.

முத்துக்கடை_மைந்தன் எழுதியது:

தங்கச்சி, ராணிப்பேட்டைக்காரன் நான். ஸ்டுட்கார்ட்டில் வேலை, பல வருடமாக இங்கேதான் இருக்கிறேன். உனக்கு நடந்தது இங்கே வரும் நம் ஆட்கள் எல்லோருக்கும் முதல் நவம்பரில் நடப்பதுதான். யாருக்கும் உன்மேல் கோபம் கிடையாது.

முதலில் ஹீட்டர். அந்தக் குமிழை நாம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஐந்தில் வைத்தால் வேகமாகச் சூடாகும் என்று. அந்த எண் வேகம் கிடையாது, வெப்பநிலை. 3 என்றால் சுமார் 20 டிகிரி. ஒரு எண் கூடினால் ஏறக்குறைய நாலு டிகிரி கூடும். ஐந்தில் வைத்தாலும் மூன்றில் வைத்தாலும் அறை 20 டிகிரிக்கு வர ஆகும் நேரம் ஒன்றுதான். ஐந்தில் வைத்தால் 28 வரும் வரைக்கும் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். நீ இல்லாத அறையில் பகல் முழுக்க அப்படி எரிந்தால் வீட்டுக்காரருக்கு வயிறும் சேர்ந்து எரியும். 2022-ல் ரஷ்ய எரிவாயு வருவது குறைந்து விலை ஏறினதிலிருந்து இங்கே எல்லோரும் இதில் இன்னும் கறார்.

அடுத்து ஜன்னல். இது உனக்கு எதிராகச் செய்வது இல்லை, பல வீடுகளில் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். இங்கத்திய வீடுகள் காற்று புகாமல் அடைத்துக் கட்டியவை. நாம் மூச்சு விடுவது, குளிப்பது, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடுவது எல்லாம் ஈரமாக உள்ளேயே நிற்கும். காலையில் உன் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா பார். அதை விட்டால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னலை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது ஹீட்டரைக் குறைக்காவிட்டால், குளிர்காற்று பட்டதும் குமிழ் முழுசாகத் திறந்து தெருவைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றாக நடக்கிறது. அந்த அம்மா உன் அறைக்கு வந்து காற்று மாற்றிவிட்டுப் போகிறார். அதை நீயே காலையில் கிளம்பும் முன் செய்துவிட்டால் அவர் உன் அறைக்கு வரவேண்டிய தேவையே இருக்காது.

கதவு சாத்தியிருப்பதற்கும் இதே காரணம். நடை, மாடிப்படிப் பக்கம் பெரும்பாலும் ஹீட்டர் போடமாட்டார்கள். கதவைத் திறந்து வைத்தால் சூடு அங்கே போய்விடும்.

சாப்பாட்டுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே ராத்திரி ரொட்டிதான் வழக்கம், ஏனென்றால் சூடான பெரிய சாப்பாடு மதியமே முடிந்துவிடும். உன் இல்லத்தில் மதியம் சூடாகப் போடுவார்களே, அதை நம் ஊர்ப் பழக்கத்தில் கொறித்துவிட்டு ராத்திரிக்குக் காத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். மதியம் வயிறாரச் சாப்பிடு. பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காட்பாடி_ஆன்ட்டி எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஹோஸ்ட் அம்மாவாக இருந்தவள்.

2008-ல் ஜெர்மனி அரசு வெல்ட்வெர்ட்ஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்ததிலிருந்து அங்கேயிருந்து பள்ளி முடித்த பிள்ளைகள் தன்னார்வப் பணிக்கு நம் பக்கம் நிறைய வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பையன் எங்கள் வீட்டில் ஒரு வருடம் இருந்தான். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். எங்கள் மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "நாம் என்ன பண்ணிட்டோம், இந்தப் பிள்ளை ஏன் மூஞ்சிய தூக்கிவச்சிக்கினு இருக்கு" என்று ஒரு மாதம் என்னைத் துளைத்து எடுத்தார். அவனோ உள்ளே ஜாலியாக உட்கார்ந்து கிடார் வாசித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு அதைவிட. எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தின்றுவிடுவான். நானும் காரக்குழம்பு, மிளகாய்ச் சட்னி என்று சந்தோஷமாகப் போட்டேன். ஒரு நாள் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் மெதுவாகச் சொல்கிறான், காலையில் இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் போதும் ஆன்ட்டி, சட்னி வேண்டாம் என்று. எனக்குக் கோபமா வந்தது? ஒரு ஆளுக்குச் சட்னி அரைக்கிற வேலை மிச்சம் என்று நிம்மதிதான் வந்தது.

மார்கழியில் இன்னொரு கூத்து. மாமியார் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார், அவன் அரை டிராயரோடு மொட்டைமாடியில் நிற்பான். பாவம் குளிருமே என்று அவர் கம்பளி கொண்டுபோய்ப் போர்த்துவார். அவனுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனாலும் மறுக்கமாட்டான்.

அதனால் ஆற்காட்டு அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்காரிக்கு என்ன கஷ்டம் தெரியுமா? கேட்கிற பிள்ளையால் ஒரு கஷ்டமும் இல்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு முகம் வாடி நிற்கிற பிள்ளையால்தான் கஷ்டம். இந்தப் பெண்ணுக்கு என்ன குறையோ, ஊருக்குப் போய் என்ன சொல்லுமோ என்று தூக்கம் வராது. நீ போய்க் கேள் கண்ணு. நாளைக்கே கேள்.

ஆற்காடு_அப்பா எழுதியது:

தங்கச்சி, உங்கள் வீட்டில் அப்படி. எல்லா வீடும் உங்கள் வீடு ஆகுமா? பொம்பளைப் பிள்ளை தனியாக இருக்கிறது. நாலு யோசித்துத்தான் பேசவேண்டும்.

காட்பாடி_ஆன்ட்டி எழுதியது:

யோசித்துத்தான் பேசச் சொல்கிறேன் அண்ணே. சண்டை போடச் சொல்லவில்லை. "எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுங்கள்" என்று கேட்டால் எந்த நாட்டுக்காரி வேண்டாம் என்பாள்?

பழைய_பட்டாளம் எழுதியது:

கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம் என்பார்கள். லடாக்கில் லேயிலும் திராஸிலும் இருந்து வந்தவன் நான். மூன்று டிகிரியை எங்கள் பாரக்கில் யாரும் குளிர் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் முதல் வருடம் எனக்கும் பல் கிட்டிப்போனது.

ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுகிறேன் என்கிறாய். உள்ளே என்ன போட்டிருக்கிறாய்? பருத்தி பனியன் என்றால் அதுதான் முதல் தப்பு. வேலை செய்யும்போது வேர்க்கும், பருத்தி அதை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வேலை நின்றதும் அந்த ஈரமே உறைய வைக்கும். குளிரைவிட ஈரம்தான் எதிரி. உடம்போடு ஒட்டியது மெல்லிய கம்பளியோ சிந்தெடிக் தெர்மலோ இருக்கட்டும். அதன் மேல் ஸ்வெட்டர். அதற்கு மேல் காற்று புகாத கோட்டு. மூன்றும் கொஞ்சம் லூசாக இருக்கவேண்டும், இறுக்கிப் போட்டால் நடுவில் காற்று நிற்காது, சூடும் நிற்காது. பஸ்ஸுக்குள் ஏறினால் உடனே கோட்டைக் கழற்று. வேர்க்க விடாதே.

காலில் ஈரமான சாக்ஸோடு ஒரு நிமிடம்கூட உட்காராதே. பையில் ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். வெளியிலிருந்து வந்ததும் விறைத்த காலை ஹீட்டர் மேல் வைக்காதே. எங்கள் பாரக்கில் புகாரி என்று மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கும், புதுசாக வரும் பையன்கள் ஓடிப்போய் அதில் காலைக் காட்டுவார்கள். ராத்திரி விரலெல்லாம் சிவந்து தடித்து அரிப்பு எடுக்கும். சில்பிளெய்ன் என்பார்கள். துண்டால் துடைத்து, காய்ந்த சாக்ஸ் போட்டு, மெதுவாகச் சூடு ஏறவிடு.

படுக்கும்முன் ஹாட் வாட்டர் பேக் ஒன்றைப் போர்வைக்குள் வைத்துவிடு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றாதே, வாய்வரைக்கும் நிரப்பாதே.

சத்துவாச்சாரி_சிஸ்டர் எழுதியது:

நான் அயர்லாந்தில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது வேலூருக்கே திரும்பி வந்துவிட்டேன். பட்டாளத்து அண்ணன் சொன்ன கால் விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

வெயில் பற்றி யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21 வாக்கில் நீ இருக்கும் பக்கம் எட்டேகால் மணி நேரம்தான் பகல். காலையில் எட்டுக்கு மேல்தான் சூரியன், நாலரைக்குள் அஸ்தமனம். வேலூரில் அன்றைக்கும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். அதோடு அந்த ஊர்களில் அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் வெயில் சாய்ந்து விழுவதால் வெளியே நின்றாலும் வைட்டமின் டி போதுமான அளவு உண்டாகாது. நம் நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகவே உண்டாகும். இன்சூரன்ஸ் அட்டை கொடுத்திருப்பார்களே, அங்கே ஒரு குடும்ப மருத்துவரைப் பார்த்துக் கேள். வெயில் கிடைக்காதவர்களுக்கு ஒரு நாளைக்கு 800 யூனிட் என்பது ஜெர்மனியில் பொதுவாகச் சொல்லும் அளவு. ஊரிலிருந்து அறுபதாயிரம் யூனிட் சாஷே யாராவது கொடுத்து அனுப்பியிருந்தால், அதைத் தினம் கலக்கிக் குடித்துவிடாதே. அது வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடுகிற மருந்து.

மதிய இடைவேளையில் சாப்பிட்டதும் ஒரு கால் மணி நேரம் வெளியே நட. மேகமாக இருந்தாலும் நட. வெளிச்சம் கண்ணில் படுவதற்காகச் சொல்கிறேன். அப்படியே அம்மாவுக்கும் அப்போதே போன் போடு. உனக்குப் பன்னிரண்டரை என்றால் குடியாத்தத்தில் ஐந்து மணி, அம்மா வேலையிலிருந்து வந்து டீ குடிக்கிற நேரம்.

தினமும் தலைக்கு ஊற்றாதே, ஊற்றினால் டிரையர் போட்டு முழுக்க காய வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டவேண்டும். தேங்காய் எண்ணெய் இந்நேரம் கல்லாகியிருக்கும், பாட்டிலைச் சுடுதண்ணீரில் வை. குளித்த உடனே, தோல் ஈரமாக இருக்கும்போதே கை காலுக்குத் தடவு.

ராத்திரி தூக்கம் வராமல், காலையில் எழ மனசில்லாமல், பிடித்த வேலையும் கசந்துபோகிற மாதிரி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சும்மா இருக்காதே. உங்கள் திட்டத்தில் தன்னார்வலர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார், அவரிடம் சொல். அவருடைய வேலையே அதுதான்.

சும்மா ஒன்று. வேலூருக்கு இது புதுசா? ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அப்போதிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து நம் வெயிலில் பழகிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது காந்தி ரோட்டில் போய்ப் பாருங்கள், வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி மீன் குழம்பு வைத்துக்கொள்கிறார்கள். இப்போது நம் பெண் அந்தப் பக்கம் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆரணி_பட்டு எழுதியது:

அக்கா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் இந்த மாதிரி போக ஆசைப்படுகிறேன். இங்கே ஒரு ஏஜென்ட் சில லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

முத்துக்கடை_மைந்தன் எழுதியது:

கொடுக்காதே தம்பி. இங்கே 2011 ஜூலையில் கட்டாய ராணுவ சேவை நின்றதும் அதற்குப் பதிலாகக் கொண்டுவந்ததுதான் இந்தத் தன்னார்வச் சேவைத் திட்டம். வருகிறவனுக்குக் கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் அவர்கள்தான் தருவார்கள். இல்லங்களுக்கு நேராகவே மெயில் போட்டு இடம் தேடலாம். அதற்கு முதலில் ஜெர்மன் மொழி படி. மொழி இல்லாமல் வந்தால் இந்தப் பெண் படுகிற பாட்டைப்போல் இரண்டு மடங்கு படுவாய். மேற்கொண்டு பேச வேறு இழை ஆரம்பி, இங்கே வேண்டாம்.

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குத்தான் இங்கே எல்லோரும் ஒன்றாக ரொம்ப நேரம் உட்காருவார்கள். அப்போது ஆன்ட்டி சொன்ன மாதிரியே, அறையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், காட்டுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா உடனே எழுந்து மேலே கூட்டிப்போய் ஜன்னல் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். மேலே திருப்பினால் ஜன்னல் லேசாகச் சாயும், பக்கவாட்டில் திருப்பினால் முழுசாகத் திறக்கும். நான் நாள் முழுக்கச் சாய்த்தே வைத்திருந்திருக்கிறேன். காற்று மாறாமல் சுவர் மட்டும் குளிர்ந்துபோகும், அதுதான் மோசம் என்றார். முத்துக்கடை அண்ணா சொன்னது அப்படியே.

மூன்றில் வைத்துக்கொள், படுக்கும்போது இரண்டுக்குக் குறை என்றார். அப்புறம் பரணிலிருந்து ஒரு கனமான இறகுப் போர்வை எடுத்துக்கொடுத்தார். பாட்டி சும்மா இருப்பாரா, அவர் பங்குக்கு ஒரு சின்னத் துணிப்பை கொடுத்தார். உள்ளே செர்ரிப் பழக்கொட்டை, கழுவிக் காயவைத்தது. ஓவனில் கொஞ்ச நேரம் சூடாக்கி வயிற்றிலோ காலிலோ வைத்துக்கொண்டால் சூடு நெடுநேரம் நிற்கிறது. அசைத்தால் கலகலவென்று சத்தம். நம் ஊரில் புளியங்கொட்டையில் இப்படிச் செய்து பார்க்கவேண்டும்.

அவர்கள் என்ன நினைத்திருக்கிறார்கள் என்றால், நான் வேலை முடிந்து களைத்து வருகிறேன், தொந்தரவு செய்யக்கூடாது என்று. நானும் கதவைச் சாத்திக்கொண்டதால் அவர்களுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. இப்போது சாப்பிட்டதும் பையனோடு சீட்டாடுகிறேன். தோற்றால் அவன் பாத்திரம் கழுவும் மெஷினை அடுக்கவேண்டும். புதன்கிழமை என் சமையல். மிளகு ரசம் வைத்தேன், பாட்டி சூப் என்று இரண்டு கிண்ணம் குடித்தார். தாளித்தபோது மட்டும் வீடே இருமியது. உடனே எல்லா ஜன்னலும் திறந்தாகிவிட்டது!

இன்னும் ஒரு கஷ்டம். அந்த அம்மாவுக்கு என் அம்மா வயது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். வாய் வரவில்லை. எதிரில் போய் நின்றுகொண்டு "ஹலோ" என்கிறேன்.

பாலாறு_பார்த்தவன் எழுதியது:

புளியங்கொட்டை நல்ல யோசனை. ஆனால் நம் ஊரில் அதைச் சூடாக்க ஓவன் எதற்கு? மொட்டைமாடியில் வைத்தால் போதும்.

கோட்டை உண்டு ராஜா இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்ற நம் ஊர்ப் பழமொழியை அவர்களுக்குச் சொன்னாயா?

காட்பாடி_ஆன்ட்டி எழுதியது:

ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்கு வந்துவிட்டார் தம்பி. நீ இன்னும் பழமொழியை மாற்றவில்லையா?

கண்ணு, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறவளைப் பெயர் சொல்லியே கூப்பிடு. எங்கள் வீட்டுப் பையனுக்கு "ஆன்ட்டி" வர ஒரு மாதம் ஆனது, உனக்கும் ஆகட்டும்.

ஆம்பூர்_லெதர் எழுதியது:

எல்லாம் பேசிவிட்டீர்கள், ஷூவைப் பற்றிப் பட்டாளத்துக்காரர்கூட விட்டுவிட்டார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் ஆரம்பித்து குவாலிட்டி செக்கிங் வரை பார்த்தவன் நான். ஐரோப்பாவுக்குப் போகும் விண்டர் பூட் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. தங்கை, காலில் என்ன போட்டிருக்கிறாய்?

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

ஊரில் வாங்கின கேன்வாஸ் ஷூதான் அண்ணா. மழையில் நனைந்துவிடுகிறது. இன்னும் பனி விழவில்லை, அதற்குள் பூட் வாங்கவேண்டும்.

ஆம்பூர்_லெதர் எழுதியது:

கேன்வாஸைக் கட்டி வைத்துவிடு. கடைக்குச் சாயங்காலம் போ, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். குளிருக்குப் போடும் தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பார். விரல் உள்ளே தாராளமாக ஆடவேண்டும். டைட்டாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு விலை கொடுத்த பூட்டும் குளிரும்.

அடியைத் திருப்பிப் பார். ஆழமான வெட்டு உள்ள ரப்பர் சோல் வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கவேண்டும். மலிவு பிவிசி சோல் குளிரில் இறுகிப்போகும், பனியில் சறுக்கும். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் பியு (பாலியூரித்தேன்) சோல் பூட் வாங்காதே. அது சும்மா பெட்டியில் கிடந்தாலே சில வருடத்தில் உதிர ஆரம்பிக்கும். பூட்டை மடக்கிப் பார், சோலும் மேல் தோலும் சேருகிற இடத்தில் இடைவெளி தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் புகும். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் மேல் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கவேண்டும். தனியாகத் தொங்கினால் பனி அதன் வழியாக உள்ளே போகும்.

வாங்கியதும் மெழுகு பாலிஷ் போடு. அங்கே ரோட்டில் பனி உருக உப்புப் போடுவார்கள். தோலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிடு, விட்டுவைத்தால் தோல் வெடிக்கும். நனைந்த பூட்டை ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது. உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, சாதாரண இடத்தில் வை. தாள் நனைந்தால் மாற்று.

வாங்கும்போது நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. மேட் இன் இந்தியா என்றிருந்தால் அது ஆம்பூரோ, ராணிப்பேட்டையோ, பேரணாம்பட்டோவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஊர் சரக்கு என்று அந்த அம்மாவிடம் காட்டு.

பழைய_பட்டாளம் எழுதியது:

பூட்டை விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு சர்க்கார் கொடுத்தது, அளவு பார்க்கிற பேச்சே கிடையாது.

முத்துக்கடை_மைந்தன் எழுதியது:

டிசம்பர் 5 ராத்திரி அந்தப் பூட்டைத் துடைத்து வாசலில் வை தங்கச்சி. மறுநாள் நிக்கோலஸ் நாள், பையனுக்கு வைக்கும் சாக்லேட்டும் ஆரஞ்சும் உனக்கும் சேர்த்து விழும். பூட் அழுக்காக இருந்தால் கிடைக்காதாம்.

இன்னொன்று, ஸ்வாபியன் பக்கம் கேர்வோகெ என்று ஒரு முறை உண்டு. இந்த வாரம் நீ பெருக்கு, அடுத்த வாரம் நான் என்று மாடிப்படியும் வாசலும் முறை வைத்துச் சுத்தம் செய்வார்கள். பனி விழுந்தால் வீட்டு வாசல் நடைபாதையைத் தள்ளிச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, பல ஊர்களில் காலை ஏழு மணிக்குள். யாராவது வழுக்கி விழுந்தால் வம்பு. அந்த முறையில் உன் பெயரையும் சேர்க்கச் சொல். விருந்தாளி என்கிற பேச்சு அதோடு போய்விடும்.

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

சேர்த்தாகிவிட்டது அண்ணா. மண்வாரி பார்த்தேன், அகலமாக முறம் அளவுக்கு இருக்கிறது. பனிதான் இன்னும் வரவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு அகல் ஏற்றலாமா? அம்மா நாலு அகல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி_சிஸ்டர் எழுதியது:

தாராளமாக ஏற்று. அவர்களே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வளையத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள்தான். ஆனால் சொல்லிவிட்டு ஏற்று. பீங்கான் தட்டின் மேல் வை, திரைச்சீலைப் பக்கம் வேண்டாம், ஏற்றிவிட்டு அறையை விட்டுப் போகாதே. நம் திண்ணை மாதிரி சிமெண்ட் தரை இல்லை அங்கே, எல்லாம் மரம்.

காட்பாடி_ஆன்ட்டி எழுதியது:

பொரி உருண்டைக்குப் பொரி கிடைக்காது. உல்மில் ஈழத்தமிழர் கடை இருக்கிறதா என்று விசாரி, இருந்தால் வெல்லமாவது கிடைக்கும்.

ஆற்காடு_அப்பா எழுதியது:

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். நான் சொன்னது எங்கள் காலத்துப் பேச்சு, பிள்ளைக்கு நல்லது நடந்தால் சரி.

விஷயம் என்னவென்றால், என் பையன் ஜனவரியில் நர்சிங் பயிற்சிக்கு அதே ஜெர்மனிக்குப் போகிறான். அதற்காகத்தான் இந்த இழையை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர் தம்பி, பூட்டை இங்கேயே உங்கள் ஊரில் வாங்கிக் கொடுத்தால் மலிவாக இருக்குமா?

ஆம்பூர்_லெதர் எழுதியது:

வேண்டாம் அப்பா. இங்கே கடையில் தொங்குவது பெரும்பாலும் நம் வெயிலுக்குச் செய்தது. உள்ளே கம்பளி லைனிங் வைத்துச் செய்வது எல்லாம் கப்பல் ஏறிவிடும். ஜனவரி பாதிக்குமேல் அங்கே குளிர்காலச் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள், அப்போது வாங்கச் சொல்லுங்கள். விமானத்தில் போகும்போது போட்டுக்கொள்ள மட்டும் ஒரு நல்ல தோல் ஷூவும் கம்பளி சாக்ஸும் போதும். கால் அளவைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், நம் நம்பரும் அவர்கள் நம்பரும் ஒன்று கிடையாது.

ஆற்காடு_அப்பா எழுதியது:

சரி தம்பி. சென்டிமீட்டர் குதிகாலிலிருந்து கட்டை விரல் வரையா, இல்லை எந்த விரல் நீளமோ அதுவரையா?

ஆம்பூர்_லெதர் எழுதியது:

எது நீளமோ அதுவரை. சுவரில் குதிகாலை ஒட்டி நிற்க வைத்து, தரையில் தாள் போட்டுப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு காலையும் அளக்கவேண்டும், பெரிய காலின் அளவுதான் கணக்கு.